ஃபீனால் சிவப்பு

பீட்கோஷ்ச் நகராட்சி நீச்சல்குளத்தில்
காலை ஐந்தரைக்கு நான்தான் முதல் ஆள்.
கண்ணாடிக்கு வெளியே பிர்தா ஆறு
பாதி உறைந்து கிடக்கும்.
சோதனைக் குழாயில் குளத்து நீர் மொண்டு
ஐந்து சொட்டு ஃபீனால் சிவப்பு விட்டு
விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன்.
மஞ்சள் என்றால் அமிலம்.
பீட்ரூட் சூப் நிறம் என்றால் காரம்.
இரண்டுக்கும் நடுவே, செம்மைக்குச் சற்று முன்னால்,
ஏழு புள்ளி நான்கு.
பதினேழு வருடமாய் அந்த ஒரு நிறத்துக்குத்தான்
என் கண் சம்பளம் வாங்குகிறது.

தங்கை போக்னாவுக்கு இடது மார்பில் கட்டி.
வியாழக்கிழமை முதல் கீமோ.
ஞாயிறு போயிருந்தேன். சமையல் மேடையில்
ரொட்டி டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு
வெள்ளையாய் உட்கார்ந்திருந்தது இயந்திரம்.
ஒன்பதாயிரம் ஸ்லோட்டி, இருபத்துநான்கு தவணை.
திருப்பித் தரும் கெடு போன செவ்வாயோடு சரி.
"புற்றுக்கு அமிலம்தான் வீடாம்.
காரத்தில் அது பிழைக்காதாம்.
மூன்று மாதம் இந்தத் தண்ணீர்,
அப்புறம் ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளலாம் ஹால்ஷ்கா."

கைப்பையில் என் சொட்டுப் புட்டி இருந்தது.
அவள் நீட்டிய தண்ணீரில் விட்டேன்.
பீட்ரூட்.
இயந்திரம் பொய் சொல்லவில்லை.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
புற்று தன்னைச் சுற்றிப் புளிப்பைக் கக்குவதும் நிஜம்.
ஆனால் புகையைக் கண்டவன்
புகைதான் வீட்டைக் கொளுத்தியது என்கிறான்,
விசிறி விற்கிறான்.

வெள்ளரி ஊறுகாய் ஜாடியைத் திறந்து
ஒரு கரண்டிப் புளித்த நீரை
அதே டம்ளரில் ஊற்றினேன்.
கண் மூடித் திறப்பதற்குள் மஞ்சள்.
"உன் வயிறு இதைவிடப் புளிப்பு, போக்னா.
ஒன்பதாயிரமும் தொண்டைக்குக் கீழே இவ்வளவுதான்.
தாண்டிப் போனாலும்
ரத்தம் ஏழு புள்ளி நான்கில்தான் நிற்கும்.
குளத்தை அங்கே நிறுத்த
நான் தினமும் வாளி வாளியாய் அமிலம் சுமக்கிறேன்.
உனக்குள் நுரையீரலும் சிறுநீரகமும்
லீவு போடாமல் அதையே செய்கின்றன.
நீ ஒரு டம்ளர் குடித்தால்
அவை ஒரு டம்ளரைத் துடைத்துப் போடும்."

நன்றாகத்தான் பேசினேன்.
அவள் சிரித்தாள்.

"எனக்குத் தெரியாதா?
பள்ளியில் நீ வேதியியலில் தேறியதே
என் நோட்டைப் பார்த்துத்தான்.
டாக்டர் எனக்கு ஒன்பது நிமிடம் தந்தார்.
ரெமிகியுஷ் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.
பூனைகளின் பெயரைக் கேட்டான்.
பயமாக இருக்கிறதா என்று கேட்டான்.
நீ சொட்டுப் புட்டியோடு வந்திருக்கிறாய்."

மஞ்சள் டம்ளர் எங்கள் நடுவே இருந்தது.
எடுத்துக் கழுவவும் தோன்றவில்லை.
கணக்கு எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.
டாக்டர் சொன்ன எண்ணில் நூறு இல்லை.
அவன் சொன்னதில் இருந்தது.
நூறு என்று எழுதிய எந்தக் குழாயையும்
நான் குளத்தருகே நம்பியதில்லை.
ஆனால் பயமா என்று
நான் கேட்கவில்லைதான்.

கேட்டேன். தாமதமாக, கோட்டை மாட்டியபடி, கதவருகே.
பிறகு கோட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.
கடைசி டிராம் போய்விட்டது.
அவள் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை.
இரண்டு மணிக்கு அந்த நீரில் தேநீர் போட்டோம்,
மை மாதிரி கறுத்தது, குடித்தோம்.

வியாழன். பனி. குளத்துக்கு விடுப்பு.
நர்ஸ் போக்னாவின் புட்டியைக் காட்டி
"என்ன அது?" என்றாள்.
"தண்ணீர்" என்றாள் போக்னா, என்னைப் பார்த்தபடி.
"நல்லது, நிறையக் குடியுங்கள்."
நான் வாயைத் திறக்கவில்லை.
அவள் வந்துவிட்டாள். அது போதும்.

பிறகு மருந்தை ஏற்றினார்கள்.
மெல்லிய குழாயில்
சிவப்பாய் இறங்கியது.
பழக்கதோஷம், தலையைச் சாய்த்து
விளக்குக்கு நேரே பார்த்தேன்.
இந்தச் சிவப்பில்
எனக்குப் படிக்கத் தெரிந்த எண் எதுவும் இல்லை.
போக்னா கையை நீட்டினாள்,
பிடித்துக்கொண்டேன்.
சில்லென்றிருந்தது.